மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கக் கூடாது

குப்பம்மாக்கா கடைக்கு வந்தால் முதலில் ஸ்டூலை எடுத்துப் போடுவேன். பேச்செல்லாம் அப்புறம்தான். தெருமுனையிலிருந்து என் ஜெராக்ஸ் கடைக்கு நூறு தப்படிகூட இருக்காது. அதை நடந்து வர அவள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. போன புரட்டாசி வரைக்கும் தலையில் மீன் அன்னக்கூடையோடு எண்ணூர் ஸ்டேஷன் படியை ஏறி இறங்கி, கிளம்புகிற ரயிலை ஓடிப் பிடித்தவள் இவள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். கம்பெனி டாக்டரும் நம்பவில்லை, அதுதான் விஷயமே.

அன்று அவள் மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கம்பெனிலேர்ந்து வந்துக்கீது. இங்கிலீசு. படிச்சி சொல்லு மகிமா."

ஐப்பசியில் ஒரு விடியற்காலை கம்பெனிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. எங்கள் குப்பத்தில் பன்னிரண்டு பேருக்கு மூச்சடைத்தது. பதினோரு பேரை ஷேர் ஆட்டோக்களில் ஏற்றி அனுப்பினோம், கம்பெனி ஆம்புலன்ஸில் போனது குப்பம்மாக்கா மட்டும்தான். குணமாகும் வரை டவுனில் நுரையீரல் டாக்டரிடம் கம்பெனி பொறுப்பிலேயே வைத்தியம் பார்ப்போம், அதற்கு ஒரு சிகிச்சை அட்டை தருவோம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். பதினோரு பேருக்கு அட்டை வந்தது. குப்பம்மாக்காவுக்கு இந்தக் காகிதம் வந்தது.

மொத்தம் ஆறே வரி. கம்பெனி ஆம்புலன்ஸில் நாற்பது நிமிடம் ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டது. மூச்சில் எந்த மாற்றமும் இல்லை. மாஸ்க்கில் காற்றே வரவில்லை என்று நோயாளி புகார் செய்தார். ஆகவே நோயாளி பிரிடெண்ட் செய்வதாகத் தெரிகிறது. அட்டைக்குத் தகுதியில்லை. கீழே கம்பெனி டாக்டரின் கையெழுத்து, சீல்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். இரண்டு காதும் சூடாகிவிட்டன. அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே பச்சை மையில் கோடு வேறு போட்டிருந்தார்கள்.

"கோடு போட்டுக்கீதே, அது இன்னா வார்த்தை?" என்றாள் குப்பம்மாக்கா.

"அது வந்துக்கா, இல்லாத ஒண்ண இருக்கற மாதிரி காட்டறது" என்று இழுத்தேன்.

"பாவ்லாவா?"

"ஆமாக்கா."

அவள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டெய்னர் லாரி ஒன்று கடையை அதிரவைத்துவிட்டுப் போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவள் மூச்சு சீராகவில்லை.

"தொட்டுக்கூட பாக்கல மகிமா. நாக்க நீட்டச் சொன்னாரு, நீட்டுனேன். அவ்ளோதான். நான் இன்னா, மூச்சு இஸ்துகினு கீற மாதிரி சினிமாவா காட்டறேன்? மாஸ்க்குல காத்து வர்லன்னு அன்னிக்கே கத்தினேன். அத்தயே எனக்கெதிரா எய்திட்டாரு."

ஒரு உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கும் அந்த இடத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. மூச்சுத் திணறுகிறவளுக்குப் பதட்டத்தில் காற்று வருவது தெரியாமல் போயிருக்கலாம் என்று நினைத்தேன். வைத்தியம் செய்தும் குணமாகவில்லை என்பது வேறு, வைத்தியமே நடக்கவில்லை என்பது வேறு இல்லையா. நினைத்தேனே தவிர அவளிடம் சொல்லவில்லை. காகிதத்தை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதற்கு நாலு நாள் கழித்து கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி செங்குட்டுவன் வந்தார். மாசியில் வருடாவருடம் மாக் டிரில் நடத்துவார்கள். வாயு கசிந்தால் ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒத்திகை. அதற்கான நோட்டீசை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கி, டைப் அடித்து, ஐந்நூறு பிரதி போட்டுத் தருவது என் வேலை. கம்பெனி வேலை இல்லாவிட்டால் என் கடை பாதி நாள் ஈ ஓட்டும். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கணவர் வில்சன் பின்னால் பத்து தடவை இதைத்தான் எனக்கு ஞாபகப்படுத்தினார்.

நோட்டீசின் மூன்றாவது பத்தியில் அதே வார்த்தை உட்கார்ந்திருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடியிருப்பாளர் மயக்கமடைந்ததாக பிரிடெண்ட் செய்ய வேண்டும், முதலுதவி முழுவதும் முடியும் வரை அதே நிலையில் இருக்க வேண்டும்.

"சார், இந்த வார்த்தைக்குத் தமிழ்ல என்ன போடட்டும்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் வாயால் கேட்க ஆசை.

"நடிக்கிறதுன்னு போடுங்க மேடம். எல்லாருக்கும் தெரிஞ்சுதான நடிக்கிறோம். அதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

அவர் போனபின் கடையில் கிடக்கும் பழைய அகராதியைப் புரட்டினேன். அந்த வார்த்தைக்கு இரண்டு உதாரணம் கொடுத்திருந்தார்கள். குழந்தைகள் தங்களைக் கடற்கொள்ளையர்களாக பிரிடெண்ட் செய்து விளையாடினார்கள் என்பது ஒன்று. லீவுக்காகக் காய்ச்சல் என்று பிரிடெண்ட் செய்தான் என்பது இன்னொன்று. விளையாடுகிற பிள்ளையும் ஏமாற்றுகிறவனும் ஒரே வார்த்தைக்குள் குடித்தனம் நடத்துகிறார்கள். தமிழில் நாம் பாவனை என்றும் பாசாங்கு என்றும் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம். கம்பெனி கேட்டு நாங்கள் விழுந்தால் அது பாவனை, அதற்கு ஜூஸும் எலுமிச்சை சாதமும் உண்டு. கம்பெனி கேட்காமல் குப்பம்மாக்கா விழுந்தால் அது பாசாங்கு. இதை நினைத்ததும் காது மறுபடியும் சூடாகிவிட்டது.

அந்த டிரில் எப்படி நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். மகளிர் குழுச் செயலாளர் என்ற முறையில் மூன்று வருடமாக அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போடுவார்கள். அதற்குப் பின்னாலேயே கம்பெனி ஆம்புலன்ஸ் என்ஜின் ஓடியபடி தயாராக நிற்கும். மைக்கில் சங்கு ஊதியதும் யாராவது ஒரு பையன் சிரித்துக்கொண்டே விழுவான். நாலு பேர் தூக்கி ஆம்புலன்ஸுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். உடனே திறப்பார்கள். அவன் குதித்து இறங்கி ஜூஸ் வாங்கப் போவான். எட்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது, முதலுதவி முழுமையாக அளிக்கப்பட்டது என்று அறிக்கையில் இருக்கும். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு வருடம்கூட அந்த மாஸ்க்கை யார் முகத்திலும் வைத்து நான் பார்த்ததில்லை. அது ஞாபகம் வந்ததும் போனை எடுத்து செங்குட்டுவனைக் கூப்பிட்டேன். "சார், இந்த வருஷம் மயக்கம் போடறது நானே போடறேன்" என்றேன். ஆள் தேடுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்.

வில்சன் சந்தோஷப்படவில்லை. ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"நீ சும்மா விய போறது இல்லன்னு தெரியுது. இன்னா பண்ணப் போற?"

"எழுந்திருக்கப் போறதில்ல. மாஸ்க் போட்டு காத்து குடுக்கற வரைக்கும்."

"கம்பெனி வேல போய்டும் மகிமா."

"போவட்டும்."

"குப்பம்மாக்கா சொன்னது தப்பா இருந்தா?"

"அப்போ காத்து வரும். நான் எழுந்து ஜூஸ் குடிச்சிட்டு வந்துடுவேன்" என்றேன். அவர் துணியை உதறிவிட்டு மறுபடியும் ஆட்டோவைத் துடைத்தார்.

டிரில் அன்று பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. ஷாமியானாவுக்குள் கம்பெனி ஆட்கள், பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளை உடுப்பில் நாலு மீட்புப் பணியாளர், அந்தப் பச்சை மை டாக்டர். அரசாங்கத்திலிருந்து பார்வையாளராக ஒரு அம்மா வந்திருந்தார். கையில் பரீட்சை அட்டை, அதில் கம்பெனி முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்த படிவம். குப்பத்துப் பெண்கள் ஓரமாக நின்றார்கள். குப்பம்மாக்கா மட்டும் மைதானத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் திட்டத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். "ஒனக்கெதுக்கும்மே இந்த வம்பு" என்று கேட்டவள், ஆனாலும் விடிந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மைக்கில் சங்கு ஊதியது. நான் தரையில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடிய கண்ணுக்குள் எல்லாமே காதுதான். ஓடி வரும் பூட்ஸ் சத்தம், ஸ்ட்ரெச்சர் கம்பி கிளுக்கென்று விரிவது, நான் கனமாக இருப்பது பற்றி ஒருவன் முணுமுணுத்தது, ஆம்புலன்ஸ் கதவு சாத்துவது, திறப்பது.

"ஓகே மேடம், முடிஞ்சுது. எறங்குங்க" என்றது செங்குட்டுவன் குரல்.

நான் அசையவில்லை.

"மேடம்? மகிமா மேடம்?"

தோளைத் தட்டினார். கன்னத்தில் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் மூக்குக்குள் போய்த் தும்மல் வரப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். அந்தத் தும்மலை அடக்கியதுதான் அன்றைக்கு நான் செய்த கஷ்டமான காரியம்.

"நெஜமாவே மயங்கிட்டாங்களா? டாக்டர் சார், கொஞ்சம் பாருங்க."

டாக்டர் ஏறினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. "சும்மா நடிக்கிறாங்க" என்றார்.

வெளியிலிருந்து குப்பம்மாக்காவின் குரல் வந்தது. மூச்சு விட்டு விட்டு, ஆனால் கணீரென்று. "நடிக்கத்தான சார் சொன்னீங்கோ?"

பெண்கள் சிரித்தார்கள். செங்குட்டுவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நடிக்கிறதுக்கு ஒரு அளவு இல்லையா? எதுவரைக்கும் நடிப்பாங்க?"

அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காகிதம் ஒன்று படபடவென்று பிரியும் சத்தம் கேட்டது. கூடவே வில்சன் குரல், பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "மயக்கமடைந்தவராக நடிப்பவர், முதலுதவி முழுவதும் முடியும் வரை அதே நிலையில் இருக்க வேண்டும். ஒங்க நோட்டீஸ்தான் சார். கீழ கம்பெனி பேர் கீது." என் வேலை போய்விடுமே என்று நாலு நாளாகப் புலம்பிய மனுஷன். கண்ணை மூடியபடியே அவரை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

பார்வையாளர் அம்மா ஷாமியானாவிலிருந்து எழுந்து வந்தது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. "என்ன தாமதம்? முதலுதவி முடிஞ்சுதுன்னு படிவத்துல டிக் பண்ணியிருக்கீங்க. ஆக்ஸிஜன் கொடுத்தீங்களா?"

"மேடம், அது டிரில்ல வழக்கமா..."

"கொடுங்க. கொடுத்து முடிச்சா அவங்க எழுந்துருவாங்க இல்ல?"

யாரோ என் தலைமாட்டில் எதையோ திருகினார்கள். மாஸ்க்கின் எலாஸ்டிக் காதுக்குப் பின்னால் இழுபட்டது. ரப்பர் வாசனையும் தூசி வாசனையும் சேர்ந்து வந்தன. நான் மூச்சை இழுத்தேன். மூடி வைத்த டிபன் பாக்ஸுக்குள் மூக்கை விட்டது மாதிரி இருந்தது. சரி, வரும் என்று காத்திருந்தேன். மறுபடியும் இழுத்தேன். நான் விட்ட சூடே எனக்குத் திரும்பி வந்தது. ஓரத்து ஓட்டைகள் வழியாகக் கசிந்த வெளிக்காற்றைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

குழாயில் ஒரு சின்ன சத்தம்கூட இல்லை.

எனக்கு நல்ல நுரையீரல். எனக்கே பத்து மூச்சில் நெஞ்சு பிசைந்தது. அன்றைக்கு விஷக் காற்றைக் குடித்துவிட்டு இதே இடத்தில் நாற்பது நிமிடம் கிடந்தவள் எப்படித் தவித்திருப்பாள். காற்று வரவில்லை என்று அவள் கத்தியபோது சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவளைத்தான் சந்தேகப்பட்டார்கள். நானும் சந்தேகப்பட்டேன், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அதை அடக்கத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தேன். மாஸ்க்கைக் கழற்றினேன்.

"இதுல காத்து வரல சார்."

டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வருதும்மா. சிலிண்டர் மீட்டர் முள்ளப் பாருங்க, பாதிக்கு மேல காட்டுது."

"முள்ளு மூச்சு விடாது சார். உங்க முகத்துல வெச்சுப் பாருங்க."

அவர் சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பு எனக்கு ஆகாது. மாஸ்க்கை அவர் பக்கம் நீட்டியபடியே இருந்தேன். கை வலித்தது, இறக்கவில்லை. "வெச்சுப் பாருங்க டாக்டர்" என்றார் பார்வையாளர் அம்மா.

வைத்தார். ஒரு மூச்சு இழுத்தார், இன்னொன்று இழுத்தார். சிரிப்பு மாஸ்க்குக்குள்ளேயே நின்றுவிட்டது. சிலிண்டர் திருகை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். முள் பாதிக்கு மேல் காட்டிக்கொண்டே இருந்தது. விரலால் சுண்டினார். அப்போதும் அது அசையவில்லை. சிலிண்டர் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. மாதாமாதம் சரிபார்க்கப்பட்டது என்று அதில் வரிசையாகக் கையெழுத்து இருந்தது, போன ஆவணியிலிருந்து ஒரு மாதம் விடாமல்.

"இந்த வண்டில இதுக்கு முன்னாடி கடைசியா யாரக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று பார்வையாளர் அம்மா கேட்டார்.

செங்குட்டுவன் தரையைப் பார்த்தார். வண்டிக் கதவுப் பக்கம் கூட்டம் விலகியது. குப்பம்மாக்கா கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். சுவரிலிருந்து அங்கே வந்து சேர அவளுக்கு இவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

"என்னத்தான்" என்றாள்.

நான் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி அவளுக்குக் கை கொடுத்தேன். அவள் ஏறினாள். படிக்கு ஒரு தடவை நின்று, மூச்சை இழுத்து, ஏறி, நான் படுத்திருந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நாக்க மட்டும் பாத்தீங்கோ" என்று டாக்டரிடம் சொன்னாள். "இன்னிக்கு ஒயுங்கா பாருங்கோ. பாக்காம நான் எறங்க மாட்டேன்."

டாக்டர் பார்வையாளர் அம்மாவைப் பார்த்தார். அவர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் குப்பம்மாக்காவின் முதுகில் வைத்தார். இழுக்கச் சொன்னார். இழுத்தாள். இடம் மாற்றி வைத்தார். இன்னும் கீழே வைத்தார். வெளியே பெண்கள் ஏதோ பேச, "கொஞ்சம் பேசாம இருங்க" என்றார். குரல் மாறியிருந்தது. இரண்டு பக்கமும் முடித்தவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ரொம்ப நேரம் கழித்துக் காதிலிருந்து அதைக் கழற்றினார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஐப்பசிலேர்ந்து. ஒங்களாண்டதான் மொதல்ல சொன்னேன்."

டாக்டர் லெட்டர் பேடை எடுத்து எழுத ஆரம்பித்தார். அதே பச்சை மை. பாதி எழுதியதை ஒரு தடவை கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினார். குப்பம்மாக்கா அவர் கையிலிருந்து தாளை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"படி மகிமா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

கதவில் நின்று தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். நோயாளிக்கு இரண்டு நுரையீரலிலும் கடுமையான பாதிப்பு உள்ளது. கசிவு நடந்த அன்று அவருக்கு ஆக்ஸிஜன் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. என் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். சிகிச்சை அட்டையை இன்றே வழங்கவும்.

நான் படித்து முடித்த பிறகும் குப்பம்மாக்கா இறங்கவில்லை. தாளை என்னிடமிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத அந்தப் பச்சை வரிகள்மேல் விரலை ஒவ்வொன்றாக ஓட்டினாள். கடைசி வரியின் கீழே வெறுமையாக இருந்த இடத்தில் விரல் நின்றது.

"கையெழுத்து எங்க?" என்றாள். "சீலும் போடச் சொல்லு. நான் குந்திகினு கீறேன்."